விலைச் சீட்டில் கிலோ விலையையும் போடுங்கள்: சூப்பர் மார்க்கெட் உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சூப்பர் மார்க்கெட் உரிமையாளர்களுக்கு,

வணக்கம். மாதம் பிறந்தால் மளிகை லிஸ்ட்டோடு உங்கள் கடைகளுக்கு வரும் பெண்களில் நானும் ஒருத்தி. தள்ளுபடி கேட்டு இதை எழுதவில்லை. ரேக்கில் நீங்கள் ஒட்டும் விலைச் சீட்டில் இன்னும் ஒரே ஒரு விவரம் வேண்டும். அந்தப் பொருள் கிலோவுக்கோ லிட்டருக்கோ என்ன விலை விழுகிறது என்பதையும் பெரிதாகப் போடுங்கள்.

காய்கறிப் பகுதியில் இதை நீங்களே செய்கிறீர்கள். கத்தரிக்காய் கிலோ என்ன விலை, வெங்காயம் கிலோ என்ன விலை என்று பலகையில் எழுதி வைக்கிறீர்கள். பார்த்ததும் புரிகிறது. ரேஷன் கடைப் பலகையிலும் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய் என்றுதான் இருக்கிறது. பாக்கெட் சாமான்களுக்கு மட்டும் ஏன் இந்தக் கண்கட்டு?

எண்ணெய் ரேக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் சூரியகாந்தி எண்ணெய் ஏறக்குறைய 910 கிராம் எடை இருக்கும். பக்கத்திலேயே அதே உயரம், அதே பருமனில் 850 கிராம் பாக்கெட் நிற்கிறது. ஒரு பேச்சுக்கு லிட்டர் பாக்கெட் 160 ரூபாய், 850 கிராம் 153 ரூபாய் என்று வையுங்கள். ஏழு ரூபாய் மிச்சம் என்று கை தானாக 153-க்குப் போகும். கணக்குப் போட்டால் அது கிலோ 180 ரூபாய். லிட்டர் பாக்கெட் கிலோ 176 கூட வராது. குறைவாகத் தெரிந்ததுதான் கூடுதல் விலை. ஒரு கையில் கூடையும் இன்னொரு கையில் குழந்தையுமாக நிற்கிறவர் 153-ஐ 850-ஆல் வகுத்துக்கொண்டா இருப்பார்?

பாக்கெட்டிலேயே அலகு விலையை, அதாவது ஒரு கிராமுக்கோ கிலோவுக்கோ லிட்டருக்கோ என்ன விலை என்பதை, அச்சிட வேண்டும் என்று சட்டம் இருக்கிறதே என்பீர்கள். உண்மைதான். பொட்டலப் பொருட்களுக்கான 2011-ஆம் ஆண்டு எடையளவு விதிகளை 2021-இல் திருத்தினார்கள். அதுவரை எண்ணெய், பருப்பு, டீத்தூள், காபி, சோப்பு, பிஸ்கட் போன்றவற்றை வரையறுத்த அளவுகளில்தான் அடைக்க வேண்டியிருந்தது. அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு, அதற்குப் பதிலாக அலகு விலையை அச்சிடச் சொன்னார்கள். ஆனால் ஒரு கிலோவுக்குக் குறைந்த பாக்கெட் என்றால் கிராம் கணக்கில், இரண்டு தசமத்தோடு போட்டால் போதும். மேலே சொன்ன 850 கிராம் பாக்கெட்டில் 'கிராம் ₹0.18' என்று பொடி எழுத்தில் இருக்கும். அரைக் கிலோ பருப்பு 92 ரூபாய் என்றால் அதிலும் ₹0.18தான். கிலோவுக்கு 184 ரூபாய் ஆகிறதே, அந்த நாலு ரூபாய் தசமத்தில் காணாமல் போய்விடுகிறது. லிட்டர் பாக்கெட்டுக்கோ லிட்டர் கணக்கு. இரண்டையும் எப்படி ஒப்பிடுவது?

அதோடு, அச்சிட்ட அலகு விலை எம்.ஆர்.பி.யை வைத்துப் போட்டது. நீங்கள் விற்பது அதற்குக் குறைந்த விலையில். இன்றைக்கு உங்கள் கடையில் கிலோ என்ன விலை என்பதைக் கம்பெனிக்காரர் சொல்ல முடியாது. உங்களால் மட்டும்தான் முடியும். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

பெரிய பாக்கெட் வாங்கினால் எப்போதும் லாபம் என்று நம் வீடுகளில் ஒரு நம்பிக்கை உண்டு. ஷாம்பூவில் அது பல சமயம் பொய்த்துவிடும். பாட்டிலைவிட சாஷேயில் மில்லிக்கு விலை குறைவாக இருக்கும். கடலூர்க்காரர் சின்னிகிருஷ்ணன் முன்னோடியாக இருந்து பரப்பிய சாஷே, இன்றைக்கும் சிக்கனக்காரர்களின் நண்பன்தான். அதைச் சீட்டைப் பார்த்தே தெரிந்துகொள்ள முடிந்தால் எவ்வளவு நல்லது. 'ரூ.14 சேமிப்பு' என்று சிவப்பில் பெரிதாகப் போட இடம் இருக்கிறபோது இதற்கும் இடம் இருக்கும்.

இது புதுமையும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 1998-லேயே கடைகளில் அலகு விலை காட்டச் சட்டம் கொண்டுவந்தது. ஆஸ்திரேலியாவில் பெரிய மளிகைக் கடைகளுக்கு 2009 முதல் கட்டாயம். உங்கள் பில்லிங் கம்ப்யூட்டரில் விலை ஏற்கெனவே இருக்கிறது. எடையையும் ஒருமுறை ஏற்றிவிட்டால் வகுத்துச் சொல்ல அதற்கு ஒரு நொடி ஆகாது. தெருமுனை அண்ணாச்சி கடையிடம் இதை நான் கேட்க மாட்டேன்; அங்கே கேட்டால் வாயாலேயே சொல்லிவிடுவார்கள்.

ஒரேயடியாக எல்லா ரேக்கிலும் முடியாது என்றால் சரி, எண்ணெய், பருப்பு, டீ காபித் தூள், துணி சோப்புத் தூள் ஆகிய நாலில் ஆரம்பியுங்கள். மாத மளிகைச் செலவில் இவற்றுக்கும் கணிசமான பங்கு உண்டு. 100 கிராம் பாக்கெட்டாக இருந்தாலும் கிலோவுக்கே கணக்குப் போடுங்கள். எண்ணெய்க்கு எல்லா பிராண்டுக்கும் ஒரே அலகு வையுங்கள், கிலோ என்றால் கிலோ. எழுத்து, கண்ணாடி போடாத அறுபது வயது அம்மாவும் படிக்கிற அளவில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்களில் ஒருத்தி