கோப்பு ஓரிடம், குறிப்பு ஓரிடம்

உவர்மலை,
திருகோணமலை.

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகளின் திருமணம் நல்லபடியாக நிறைவேறியதை அறிந்து வீட்டில் அனைவரும் மகிழ்ந்தோம். இங்கே கச்சான் காற்று வீசத் தொடங்கிவிட்டது. நண்பகலில் வெளியே செல்ல முடியாததால், கோணேசர் கோயில் பற்றி நாம் இருவரும் சேர்த்த செய்திகளை ஒழுங்குபடுத்தும் வேலையில் அமர்ந்திருக்கிறேன்.

ஆவணங்களை வைக்க ஒரு செயலியும் குறிப்பெழுத வேறொரு செயலியும் எதற்கு, ஒன்றே போதாதா என்று கேட்டிருந்தாய். நானும் அப்படி எண்ணித்தான் நான்கு ஆண்டுகள் எல்லாவற்றையும் ஒரே செயலியில் போட்டு வந்தேன். பிறகு அந்த நிறுவனம் இலவசப் பயன்பாட்டை வெகுவாகக் குறைத்தது. என் சேமிப்பை வெளியே எடுத்தபோது எழுத்துகள் ஒரு குவியலாகவும், படங்கள் வெறும் எண்களைப் பெயராகக் கொண்டு வேறொரு குவியலாகவும் வந்து சேர்ந்தன. அதைக்கூட ஒரு மாதம் உட்கார்ந்து சரிசெய்துவிட்டேன். சரிசெய்ய முடியாமற் போனது வேறொன்று: பல குறிப்புகளில் எந்த வரி நூலிலிருந்து பெயர்த்தெழுதியது, எந்த வரி என் ஊகம் என்பதை என்னாலேயே பிரித்தறிய முடியவில்லை. வரலாறு எழுத விரும்புபவனுக்கு இதைவிடப் பெரிய இழப்பு இல்லை.

இப்போது மூலங்கள் யாவும், நூல்களையும் ஆவணங்களையும் சேர்த்து வைக்கும் செயலியான சொட்டெரோவில் (Zotero) இருக்கின்றன. என் சொற்கள் யாவும், குறிப்பெழுதும் செயலியான ஒப்சிடியனில் (Obsidian) இருக்கின்றன. பிரெட்ரிக் கோட்டை வாயிலில் உள்ள கல்வெட்டை எடுத்துக்கொள். 1624இல் போர்த்துக்கேயர் கோயிற் கற்களைக் கொண்டு கட்டிய கோட்டையில், கோயில் திருப்பணி செய்ததாகச் சொல்லப்படும் மன்னன் குளக்கோட்டனின் பெயர் வரும் அந்தத் துண்டுக் கல் பதிந்திருப்பது உனக்குத் தெரியும். காலை ஏழு மணியளவில் வெயில் சாய்வாக விழும்போது, உச்சிவேளையில் கண்ணுக்குப் படாத கீறல்கள் எழுத்துகளாகத் தெரிகின்றன. அந்த நேரத்தில் எடுத்த படங்களைத் திகதியோடும் எடுத்த இடத்தோடும் சொட்டெரோவில் ஒரு பதிவாக இட்டேன்; ஈழத்துத் தமிழ் நூல்களைச் சேர்த்து வைக்கும் ‘நூலகம்’ இணையத்தளத்திலிருந்து இறக்கிய பழைய நூல்களின் பிடிஎப் கோப்புகளையும் அங்கேயே வைத்தேன். ஒப்சிடியனில் அந்தக் கல்லுக்கென ஒரே ஒரு குறிப்பு உண்டு. எந்த எழுத்தை நான் எப்படி வாசிக்கிறேன், எங்கே ஐயம் எழுகிறது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. ஒவ்வொரு கூற்றின் முடிவிலும் சொட்டெரோவின் இணைப்பு ஒன்று உண்டு. அதை அழுத்தினால் அந்தப் பிடிஎப் கோப்பின் அதே பக்கம் திறக்கும். இணைப்பில்லாத வரி என் ஊகம். இந்த ஒரு விதியை மட்டும் நான் மீறுவதில்லை.

ஒப்சிடியனை நம்புவதற்குக் காரணம், அது எழுதுவதெல்லாம் என் கணினியில் உள்ள ஒரு கோப்புறையில் வெறும் உரைக் கோப்புகளாகக் கிடப்பதுதான். நாளை அந்தச் செயலி இல்லாமற் போனாலும் நோட்பேடில் திறந்து வாசிக்கலாம். சொட்டெரோவில் நீ கவனிக்க வேண்டிய இரண்டு விடயங்கள் உள்ளன. 2022இல் வந்த ஆறாம் பதிப்பிலிருந்து பிடிஎப்பை அதற்குள்ளேயே திறந்து கோடிடலாம். ஆனால் அந்தக் கோடுகள் கோப்பில் பதியாமல் அதன் தரவுத்தளத்திலேயே இருக்கும். ஆகவே கோப்பை நேரடியாகப் பிரதி எடுத்து ஒருவருக்குக் கொடுத்தால் உன் கோடுகள் கூடச் செல்லா. கோடுகளோடு ஏற்றுமதி செய்துதான் கொடுக்க வேண்டும். அடுத்தது, இலவச இணைய இடம் 300 மெகாபைட் மட்டுமே. ஸ்கான் செய்த நூல்கள் நாலைந்து சேர்ந்தாலே அது நிரம்பிவிடக்கூடும். ஆதலால் கோப்புகளை இணையத்தில் ஏற்றுவதை நிறுத்திவிட்டு, வெள்ளிதோறும் செயலியை மூடிய பின் முழுக் கோப்புறையையும் வெளி வன்தட்டில் பிரதி எடுக்கிறேன்.

தமிழுக்கே உரிய ஒரு தொல்லையை நீயும் சந்திப்பாய். நம் ஊர்களில் முன்பு வெளிவந்த சிறப்பு மலர்கள் பல பாமினி என்ற பழைய எழுத்துருவில் அச்சுக்கோத்தவை. அவற்றின் பிடிஎப்பில் ‘குளக்கோட்டன்’ என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. திரையில் தமிழாகத் தெரிவது கணினிக்கு ஆங்கில எழுத்துகளின் கூட்டமாகவே இருக்கிறது. படமாக ஸ்கான் செய்தவற்றிலோ தேடுவதற்கு எழுத்தே இல்லை. படத்திலுள்ள எழுத்தைத் தேடக்கூடிய உரையாக மாற்றும் டெசரக்ட் (Tesseract) என்ற மென்பொருள் தமிழை வாசிக்கிறது என்றாலும், மங்கிய அச்சில் ளகரத்தையும் னகரத்தையும் மாற்றிப் போடுவதைப் பலமுறை கண்டேன். எனவே முக்கியமான பக்கம் ஒவ்வொன்றுக்கும் நானே நாலு வரிச் சுருக்கம் தட்டச்சு செய்து ஒப்சிடியனில் வைக்கிறேன். தேடுவது குறிப்பில், சென்று பார்ப்பது மூலத்தில். இரண்டு செயலிகளும் ஒன்றுக்கொன்று உண்மையாகவே உதவுவது இந்த இடத்தில்தான் என்பது என் அனுபவம்.

எண்பதுகளில் உன் அப்பா கோயிலடியில் எடுத்த மூன்று படங்களும் உன்னிடம் இருப்பதாக எழுதியிருந்தாய். அவற்றைக் கைத்தொலைபேசியில் படம் பிடிக்காமல் ஸ்கான் செய்து, வாட்ஸ்அப்பில் படமாக அல்லாது ஆவணமாகவே அனுப்பு; படமாக அனுப்பினால் சுருங்கிக் கல்லின் கீறல்கள் தெரியா. பின்பக்கத்தில் அப்பா ஏதாவது எழுதியிருந்தால் அந்தப் பக்கத்தையும் சேர்த்து ஸ்கான் செய். படங்கள் வந்ததும் உன் அப்பாவின் பெயரிலேயே பதிவிடுகிறேன்.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்