தாகம் அடங்காத நாட்களில் என்னைத் தாங்கியவர்களுக்கு

தோஹா தமிழ்ச் சபையாருக்கும் கேம்ப் நண்பர்களுக்கும் ஸ்தோத்திரம்.

ஆஸ்பத்திரியிலிருந்து அறைக்குத் திரும்பிவிட்டேன். ஒவ்வொருவரையும் நேரில் வந்து பார்க்க உடம்பில் இன்னும் தெம்பு கூடவில்லை. அதனால்தான் இந்த மடல்.

கோடையில் கத்தாரில் தாகம் எடுப்பது யாருக்கும் புதிதல்ல. ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 3.30 வரை வெயிலில் வேலை கூடாது என்பது இங்கே சட்டம். அந்த நேரத்தில் ஏசி அறையில் படுத்தால் மற்றவர்களுக்குத் தாகம் அடங்கிவிடும். எனக்கு அடங்கவில்லை. குடிக்கக் குடிக்க நாக்கு மேல்வாயில் ஒட்டிக்கொண்டது. வெயில்தான் காரணம் என்று எல்லாருமே நினைத்தோம்.

பக்கத்துக் கட்டில் நேபாளத் தம்பிக்கு முதல் நன்றி. ராத்திரியில் நான் பாத்ரூம் போய்த் திரும்புவதற்குள் பாட்டிலை நிரப்பித் தலைமாட்டில் வைத்துவிடுவான். தூக்கம் கெட்டதற்கு ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

மெசைமீர் ஆலய வளாகத்தில் அந்த வெள்ளிக்கிழமை போதகர் ஐயா என் தலைமேல் கைவைத்து ஜெபித்தார். மனசுக்குப் பெரிய ஆறுதல். ஜெபம் முடிந்ததும் நர்ஸ் அக்கா என்னைத் தனியே கூப்பிட்டு, "தம்பி, ராத்திரி எத்தனை தடவை எழுந்திரிக்கிறீங்க? உடம்பு இளைச்சிருக்கா?" என்று கேட்டார்கள். கையோடு பையிலிருந்த சுகர் மிஷினை எடுத்து விரலில் குத்தினார்கள். எண்ணே வரவில்லை, 'ஹை' என்று மட்டும் காட்டியது. பல மிஷின்களில் 600ஐத் தாண்டினால் அப்படித்தானாம். 180 வாக்கில் ஏறினாலே சிறுநீரகத்தால் சர்க்கரையைத் தடுத்து நிறுத்த முடியாது, அது சிறுநீரில் இறங்கும்போது உடம்பின் தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும் என்று அக்கா அப்புறம் விளக்கினார்கள். தாகத்துக்கு இதமாக இருக்கிறதே என்று குடிக்கும் பழச்சாறு அந்தத் தாகத்தை இன்னும் கூட்டுமாம்.

எங்களை வேனில் கொண்டுவந்து விட்டிருந்த பெஷாவர்க்காரர், நாங்கள் லாலா என்று கூப்பிடுகிறவர், அப்போது ஜும்மாவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வண்டியை நேராக எமர்ஜென்சிக்கு விட்டார். அன்று அவருக்கு ஜும்மா தவறிப்போனது. அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. லாலா, இதை உங்களுக்கு நானே இந்தியில் வாசித்துக் காட்டுவேன்.

சலைன் ஏற்றினார்கள், இன்சுலின் போட்டார்கள். வாந்தி நிற்காததால் கொஞ்ச நேரம் வாய்வழியாகத் தண்ணீர் கூடாது என்றார்கள். பிலிப்பைன்ஸ் நர்ஸ் ஒருவர் துணியைத் தண்ணீரில் நனைத்து என் உதட்டில் ஒற்றிக்கொண்டே இருந்தார். பெரிய வெள்ளியன்று நாம் தியானிக்கும், இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளில் ஐந்தாம் வார்த்தை அப்போதுதான் எனக்குள் இறங்கியது. "தாகமாயிருக்கிறேன்." அதை ஆத்தும தாகம் என்றே கேட்டு வளர்ந்தவன் நான். அதுவும் சரிதான். ஆனால் என் ஆண்டவருக்குத் தொண்டையும் வறண்டிருந்தது. அதை வாய்விட்டுச் சொன்னார். அவருக்குக் கடற்காளானில் தோய்த்த காடி கிடைத்தது, எனக்கு நல்ல தண்ணீர். அந்தக் கட்டிலில் கிடந்து அழுதேன்.

சாட்சி சொல்லும்போது மனிதரைப் புகழாதே என்று ஒரு சகோதரர் அன்போடு சொன்னார். மகிமை கர்த்தருக்கே, அதில் எனக்கு மாற்றமில்லை. ஆனால் மத்தேயு 25இல் "தாகமாயிருந்தேன், என் தாகத்தைத் தீர்த்தீர்கள்" என்று அவர் மனிதர்களைப் பார்த்துத்தானே சொல்கிறார்? எனக்காக ஜெபித்தவர்கள்தான் ஊசி குத்திப் பார்த்தார்கள், வண்டி பிடித்தார்கள், சுற்று வைத்துக் காவல் இருந்தார்கள். இரண்டையும் பிரித்துப் பேச எனக்கு மனசு வரவில்லை.

லீவுக்கு எழுதிக் கொடுத்த ஃபோர்மேன் அண்ணனுக்கும், மருந்துச் செலவுக்குக் கை கொடுத்த வாலிபர்களுக்கும், இன்சுலின் வைக்கத் தங்கள் ஃபிரிட்ஜில் இடம் ஒதுக்கிய எதிர் அறைக்காரர்களுக்கும் மனமார்ந்த நன்றி.

வருகிற வெள்ளி ஆராதனைக்குப் பிறகு அக்கா மறுபடியும் மிஷினோடு உட்காருகிறார்கள். தண்ணீர் குடித்தும் தாகம் அடங்காதவர்கள் தயவுசெய்து போய் விரலை நீட்டுங்கள். நானும் பக்கத்திலேயே இருப்பேன்.