ஒரு கெஜத்துக்கு ஒன்பது கை

அன்புள்ள மகளுக்கு,

இங்கிலாந்தில், நீ இருக்கும் நியூமார்க்கெட்டில் குளிர் தொடங்கிவிட்டதால், நீ பார்த்துக்கொள்ளும் குதிரைக்கு உன் கையாலேயே ஒரு போர்வை தைக்கப்போவதாக எழுதியிருந்தாய். படித்ததும் மனம் நிறைந்துவிட்டது. குதிரையின் உயரம் 16.1 கை, அது எத்தனை கெஜம் என்று கேட்டிருக்கிறாய்.

அங்கே குதிரைக்காரர்கள் சொல்லும் கை நம் முழம் இல்லை. இரண்டு முழம் சேர்ந்தால் ஒரு கெஜம். அவர்களுக்கோ ஒன்பது கை சேர்ந்தால்தான் ஒரு கெஜம். கட்டைவிரலோடு சேர்த்த உள்ளங்கையின் அகலம்தான் அந்தக் கை. எட்டாம் ஹென்றி மன்னர் காலத்தில் அதை 4 அங்குலம் என்று சட்டத்தில் வரையறுத்தார்கள்.

அந்தப் புள்ளியில்தான் கவனம் வேண்டும், கண்ணே. அது தசமப் புள்ளி அல்ல. 16.1 என்றால் பதினாறு கையும் ஓர் அங்குலமும். 15.3க்கு அடுத்து 16 வந்துவிடும், 15.4 என்று ஒன்று கிடையாது. போனி என்னும் குட்டைக் குதிரை எது, முழுக் குதிரை எது என்று அங்கே பிரிக்கும் எல்லை 14.2 கை. கால்குலேட்டரில் அதை நான்கால் பெருக்கினால் 56.8 என்று காட்டும். சரியான கணக்கு 58 அங்குலம். தையலில் ஓர் அங்குலம் குறைந்தால் என்ன ஆகும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதனால் எப்போதும் முதலில் அங்குலமாக்கிக்கொள், பிறகு 36ஆல் வகு. உன் குதிரை 65 அங்குலம், அதாவது 1 கெஜம் 29 அங்குலம்.

ஆனால் இந்த எண்ணை நம்பித் துணி எடுத்துவிடாதே. கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் மேட்டிலிருந்து தரை வரைக்கும் எடுத்த உயரம் அது. தலை ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும் என்பதால் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. போர்வைக்கு வேண்டியது நீளம். ஒரே உயரமுள்ள இரண்டு குதிரைகளில் ஒன்று ஒல்லியாகவும் மற்றொன்று நெஞ்சு அகன்றும் இருக்கலாம். ஒன்றுக்குத் தைத்தது மற்றதன் தோளில் உராய்ந்து புண்ணாக்கிவிடும். பாவம், வாயில்லா ஜீவன், வலிக்கிறது என்று சொல்லத் தெரியாது.

குதிரையைச் சமதரையில் நேராக நிறுத்து. நெஞ்சின் நடுவில் டேப்பை வைத்து, தோளின் பக்கவாட்டாகவே கொண்டுபோய், பின்தொடை முடியும் இடம் வரை அள. முதுகெலும்பிலிருந்து வயிற்றுக்குக் கீழ் வரை இறக்கத்தையும் எடு. டேப்பை இறுக்கிப் பிடிக்காதே. தனியாகச் செய்யாமல் யாரையாவது கடிவாளத்தைப் பிடித்துக்கொள்ளச் சொல்.

கடையில் மீட்டர் கணக்கில்தான் கொடுப்பார்கள் என்றால், ஒரு கெஜம் 0.9144 மீட்டர் என்று நினைவில் வைத்துக்கொள். மடிப்புக்கும் விளிம்புக்கும் சேர்த்துக் கொஞ்சம் தாராளமாகவே வாங்கு.

நீளத்தையும் இறக்கத்தையும் அங்குலத்தில் எழுதி அனுப்பு. அப்பா காகிதத்தில் வெட்டுமாதிரி போட்டு, எங்கே மடிப்பு, எங்கே பட்டை என்று குறித்து அனுப்புகிறேன். அதுவரை துணியில் கத்தரி வைக்காதே.

அன்புடன்,
அப்பா