ஆறு பலசாலிய சேர்த்தா டீம் ஆகிடாது

ஆசிரியருக்கு வணக்கம்,

நம்ம பேப்பர்ல போக்கிமான் கேம் பத்தி எழுதும்போதெல்லாம், அதுல சண்டை போடற போக்கிமான்கள்ல எது ரொம்ப பலசாலின்னு ஒரு லிஸ்ட் போட்டு முடிச்சிடறீங்க, அத பாத்து டீம் போடற புது பசங்க எப்படி அடி வாங்குவாங்கன்னு எனக்கு நல்லா தெரியும், நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன். கார்சாம்ப், டிராகனைட், சாலமன்ஸ்னு மூணு டிராகன் வகை போக்கிமான ஒரே டீம்ல வச்சிருந்தேன், மூணும் செமயா அடிக்கும், ஆனா மூணுக்குமே ஐஸ் வகை மூவ், அதாவது ஐஸ் அடி, நாலு மடங்கு வலிக்கும். ரெண்டு ரெண்டு பேரா மோதற டபுள்ஸ்ல எதிர்ல அலோலா நைன்டேல்ஸ்னு ஒரு ஐஸ் போக்கிமான் வந்துச்சு, வந்ததும் பனி கொட்ட ஆரம்பிச்சிடுச்சு, பனில பிளிசார்ட்ங்கற ஐஸ் மூவ் மிஸ்ஸே ஆகாது, எதிர்ல நிக்கற ரெண்டு பேருக்கும் ஒண்ணா விழும். ரெண்டு டிராகனும் ஒரே டர்ன்ல காலி.

ஒரு டிராகன் போதும், பக்கத்துல ஒரு ஸ்டீல் வகை வைங்க. டிராகனுக்கு ஆகாத ஐஸ், டிராகன், ஃபேரி மூணுமே ஸ்டீலுக்கு பாதிதான் உறைக்கும், ஸ்டீல் பயப்படற நெருப்ப கார்சாம்ப் பாதியா வாங்கிக்கும். இப்படி ஒருத்தர் ஓட்டைய இன்னொருத்தர் அடைக்கற ஜோடி கிடைச்சா பாதி டீம் ரெடி. மிச்சத்துல வேகத்த யோசிக்கணும், டெயில்விண்ட்ங்கற மூவ் போட்டா நாலு டர்னுக்கு நம்ம பக்கம் டபுள் ஸ்பீடு, டிரிக் ரூம் போட்டா அஞ்சு டர்னுக்கு மெதுவா இருக்கறவன்தான் முதல்ல அடிப்பான். ரெண்டுல ஒண்ணாவது கைல இல்லாம டபுள்ஸ் ஆட வராதீங்கன்னுதான் சொல்வேன்.

அப்புறம் சப்போர்ட், இத யாருமே மதிக்கறதில்லங்கறதுதான் என் வருத்தம். இன்சினரோர்ங்கற போக்கிமான் களத்துல இறங்கினாலே எதிராளி ரெண்டு பேரோட அட்டாக்கும் மூணுல ஒரு பங்கு குறையும், ஃபேக் அவுட் போட்டா ஒருத்தனுக்கு அந்த டர்னே போச்சு. 2014 உலக சாம்பியன்ஷிப்ல கொரியாவோட செ ஜுன் பார்க் ஜெயிச்ச டீம்ல பச்சிரிசு இருந்துச்சு, பாக்க சின்ன அணில், எந்த பலசாலி லிஸ்ட்லயும் வராது. அது ஃபாலோ மீங்கற மூவ் போட்டு கூட நிக்கற கியாராடோஸுக்கு வர்ற அடிய தன் பக்கம் இழுத்துக்கும், கியாராடோஸுக்கு கரண்ட்னா ஆகாது, ஆனா பச்சிரிசுக்கு வோல்ட் அப்சார்புங்கற திறமை இருக்கறதால கரண்ட் அடிச்சா உடம்பு தேறும். அந்த மேட்ச இன்னிக்கு பாத்தாலும் எனக்கு சிலிர்க்கும்.

டபுள்ஸ் போட்டில ஆறு பேர காட்டிட்டு நாலு பேரத்தான் இறக்கறோம், அதனால எந்த எதிராளிக்கு எந்த நாலுன்னு முன்னாடியே எழுதி வச்சிக்கணும், எந்த நாலுலயும் சேராம ஒருத்தன் நிக்கறான்னா அவன் எவ்வளவு பலசாலியா இருந்தாலும் மாத்திடணும்.

ஆசிரியர் ஐயா, அடுத்த தடவ லிஸ்டுக்கு பதிலா ஒரே ஒரு டீம எடுத்துக்கிட்டு அந்த ஆறு பேரும் ஏன் அங்க இருக்காங்கன்னு எழுத சொல்லுங்க, பச்சிரிசு டீம்லேந்தே ஆரம்பிக்கலாம்.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்