பொப் கெய்னி பற்றி மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

உன்னை ஐஸ் ஹொக்கி அணிக்கு உதவிப் பயிற்றுநராக வரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள் என்று அம்மா சொன்னா. "நான் பெரிசாகக் கோல் அடிச்ச ஆள் இல்லையே, என்னத்தைச் சொல்லிக் குடுக்கிறது" என்று கேட்டாயாம். அதுக்குத்தான் எழுதுகிறேன்.

மொன்றியல் ஹொக்கி அணியின் அரங்கான பெல் சென்ரரில், மரியாதைக்காக மேலே தொங்குகிற 23ஆம் இலக்கம் யாருடையது என்று உனக்குத் தெரியும். பொப் கெய்னியுடையது. அவர் மொன்றியலுக்காக 16 சீசன் விளையாடினார். 1,160 ஆட்டங்களில் அடித்தது 239 கோல்தான். அதே அணியில் கீ லஃப்ளூர் தொடர்ந்து ஆறு சீசன் 50 கோலுக்குக் குறையாமல் அடித்துக்கொண்டிருந்தார். கெய்னியின் வேலை, எதிரணியின் ஆகத் திறமான தாக்குதல் வரிசையை மறிப்பது. மறிப்பதில் சிறந்த முன்வரிசை ஆட்டக்காரருக்கென்று 1978இல் செல்கி விருதைத் தொடங்கினார்கள். முதல் நாலு வருடமும் அது அவருக்கே போனது.

மறிக்கிற ஆள் எதிராளியைப் படிக்க வேணும். யார் களைத்துவிட்டான், யார் எந்தப் பக்கம் திரும்புவான் என்று பார்த்துக்கொண்டே இருக்க வேணும். அந்தக் கண் உனக்கும் இருக்கிறது, பிள்ளை. பயிற்றுநருக்கு முதலில் வேண்டியதும் அதுதான்.

கெய்னி பயிற்றுநராகத் தொடங்கிய இடத்தைப் பார். லீக்கின் சம்பியனுக்குக் கொடுக்கிற ஸ்டான்லி கிண்ணத்தை ஐந்து தரம் வென்றவர், எட்டு வருடம் கப்டனாக இருந்தவர், 1989இல் பிரான்சில் எப்பினால் என்ற சின்ன நகரத்துக்குப் போனார். அங்கே ஒரு சீசன் தானும் விளையாடி மற்றவர்களையும் பழக்கினார். எனக்கு அவரில் ஆகப் பிடித்தது இதுதான். அடுத்த வருடமே அமெரிக்காவின் மினசோட்டா அணிக்குப் பயிற்றுநர். அந்த சீசனில் வென்றது 27 ஆட்டம், தோற்றது 39. ஆனால் சீசன் முடிந்து கிண்ணத்துக்காக நடக்கிற ப்ளேஓஃபில் லீக்கின் முதலிடக்காரரான சிக்காகோவையே வெளியேற்றி, இறுதிச்சுற்றுவரை போனார்கள். பிற்ஸ்பேர்க்கிடம்தான் தோற்றார்கள்.

1992இல் பொது முகாமையாளர் பொறுப்பும் அவர் தலையில் வந்தது. அடுத்த வருடம் அணி டலஸுக்கு இடம் மாறியது. 1995 டிசம்பரில் ஜரோம் இகின்லா என்ற இளம் பெடியனைக் கல்கரிக்குக் கொடுத்து ஜோ நியூவெண்டைக்கை எடுத்தார். இகின்லா பிறகு எவ்வளவு பெரிய ஆளாக வந்தான் என்பது தெரிந்ததே. ஆனாலும் 1999இல் டலஸ் அணி ஸ்டான்லி கிண்ணத்தை வென்றபோது ப்ளேஓஃபின் சிறந்த வீரர் நியூவெண்டைக். அந்த வியாபாரம் சரி என்பேன். அதற்கு முன்பே, 1996இல், பயிற்றுநர் பதவியை விட்டு கென் ஹிச்கொக்கிடம் அணியைக் கொடுத்திருந்தார்.

முதல் பயிற்சியிலேயே பக்கின் (அந்த ரப்பர் வட்டின்) பின்னால் கண்ணை ஓட விடாதே. பக் இல்லாத நாலு பிள்ளைகளும் என்ன செய்கிறார்கள் என்று பார்த்து எழுதி வை. எனக்கும் அனுப்பு, இரண்டு பேரும் போனில் கதைப்போம்.

இந்தக் கிழமைக்குள் அவர்களுக்குப் பதில் சொல்லிவிடு. ஓம் என்றே சொல்லு.

அன்புடன்,
அப்பா