மூளை, தலை, கழுத்து: கை கொடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் கல்லூரியின் உடற்கூறியல் அருங்காட்சியகத்தில் மூளை, தலை, கழுத்துப் பகுதியைப் புதிதாக ஒழுங்குபடுத்தி முடித்துவிட்டோம். முதலாமாண்டு எம்.பி.பி.எஸ். பிள்ளைகளுக்குத் திறந்தும் விட்டாயிற்று. விழா எடுத்து, பொன்னாடை போர்த்தி எல்லோரையும் மேடையேற்றியிருக்கலாம். ஆனால் உதவியவர்களில் பாதிப் பேர் கடையைச் சாத்திவிட்டு வர முடியாதவர்கள். சிலருக்கு மேடை பிடிக்காது. சிலர் உயிரோடு இல்லை. அதனால்தான் இந்த மடல். சம்மதித்தவர்களின் பெயர்கள் அருங்காட்சியக வாசலில் பலகையில் இருக்கின்றன. இங்கே யார் பெயரையும் எழுதவில்லை. யாரைச் சொல்கிறேன் என்று அவரவருக்குத் தெரியும்.

முதல் நன்றி, இதைப் படிக்க முடியாதவர்களுக்கு. எங்கள் பழைய ஜாடிகளில் இருந்த மூளைகளில் பெரும்பாலானவை யாரும் கேட்டு வராத உடல்களிலிருந்து எடுக்கப்பட்டவை. 1951ஆம் ஆண்டின் உடற்கூறியல் சட்டம் அப்படிப்பட்ட உடல்களை மருத்துவக் கல்லூரிகளுக்குக் கொடுக்க வழி செய்தது. ஏட்டில் ‘ஆண், சுமார் ஐம்பது’, ‘பெண், முதியவர்’ என்று ஒரு வரிதான் இருக்கும். அவர்களை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சரியென்று சொல்லியிருப்பார்களா என்பதும் தெரியாது. சம்மதித்துத் தரப்பட்ட உடல்களை மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று உலக உடற்கூறியல் சங்கங்களின் கூட்டமைப்பு 2012இல் பரிந்துரைத்தது. துறைக்குள் இதைப் பற்றி நிறையவே பேசினோம். பழையவற்றை எரித்துவிடலாம் என்றார்கள் சிலர். நான் அதற்கு உடன்படவில்லை. எத்தனையோ தலைமுறை மருத்துவர்களுக்குப் பாடம் சொன்ன மூளைகளைக் கடைசியில் குப்பைக் கணக்கில் சேர்ப்பது இன்னொரு அவமரியாதை. அவற்றைச் சுத்தம் செய்து, புதுத் திரவத்தில் வைத்து, மரியாதையான ஜாடிக்கு மாற்றினோம். இனிமேல் புதிதாகச் செய்பவை தானமாக வந்த உடல்களிலிருந்து மட்டும் என்று முடிவெடுத்தோம். ‘நன்றி’ என்று சொல்வதற்கு நமக்கு என்ன உரிமை என்ற கேள்வி எனக்கு இன்னும் இருக்கிறது. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்தது, உடல் கொடுத்த குடும்பங்களுக்கு. கை, கால், நெஞ்சு என்றால் வீட்டார் அவ்வளவாகத் தயங்குவதில்லை. தலை என்றதும் பேச்சு நின்றுவிடும். முகம் அங்கேதானே இருக்கிறது! மேலூர்ப் பக்கமிருந்து ஓர் அம்மாவைக் கொண்டு வந்தார்கள். பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தன் கையாலேயே படிவத்தில் எழுதி வைத்திருந்தார். மகன்கள் இருவரும் சம்மதம். மகள் மட்டும் உடல்மேல் இருந்த மாலையைக் கழற்றாமல் நின்றுகொண்டு, “அம்மா மொகத்த என்ன செய்வீங்க மேடம்?” என்று கேட்டார். சுற்றி வளைக்காமல் சொன்னேன். தோலை நீக்கி, முகத்தை அசைக்கும் நரம்பு, காதுக்கு முன்னால் இருக்கும் பரோட்டிட் உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் ஐந்து கிளையாகப் பிரிவதைக் காட்டுவோம். மண்டையைத் திறந்து மூளையை எடுப்போம். தலையின் ஒரு பாதியைப் பல வருடங்களுக்கு வைத்திருக்கவும் கூடும். அடையாளம் தெரியும்படி முகத்தை யாருக்கும் காட்ட மாட்டோம். கொஞ்ச நேரம் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “அவங்க எழுதிக் குடுத்துட்டாங்கள்ல, செய்யுங்க” என்றார். அந்தத் தங்கைக்கும், அவரைப் போல நின்று கேட்டுத் தெரிந்துகொண்டு கொடுத்த எல்லோருக்கும் நன்றி. கேட்காமல் கொடுத்தவர்களைவிடக் கேட்டுக் கொடுத்தவர்களிடம்தான் எனக்கு மரியாதை கூடுதல்.

அன்று கொடுத்த வாக்கை எப்படிக் காப்பாற்றினோம் என்று சொன்னால் இன்னொருவருக்கு நன்றி சொன்னதாகிவிடும். தலையை நட்டநடுவாக இரண்டாக வகுந்தால் உட்பக்கத்தில் மூக்கறை, நாக்கு, தொண்டை, மூளைத்தண்டு எல்லாம் ஒரே பார்வையில் தெரியும். வெளிப்பக்கத்தில் முகம் தெரியும். விளம்பரப் பலகை செய்யும் அக்ரிலிக் பட்டறைத் தம்பி ஜாடியின் பின்பக்கத்தை மட்டும் பால்வெள்ளை ஷீட்டில் போட்டுத் தந்தார். அதனால் முகம் யாருக்கும் தெரியாது. “இதுல ஸ்பிரிட் ஊத்திராதீங்கம்மா, விரிசல் விட்டுரும்” என்று எச்சரித்தவரும் அவரே. சாராயச் சத்தும் ஃபீனாலும் அக்ரிலிக்கைத் தின்னும். நாங்கள் பதப்படுத்தப் பயன்படுத்தும் ஃபார்மலின் ஒன்றும் செய்யாது. பாடப்புத்தகத்தில் படித்திருந்தாலும், அது நினைவுக்கு வர ஒரு பட்டறைக்காரர் சொல்ல வேண்டியிருந்தது. ஓரங்களை குளோரோஃபார்ம் விட்டு ஒட்டி, ஒவ்வொரு ஜாடியிலும் ராத்திரி முழுக்கத் தண்ணீர் நிரப்பி வைத்து, ஒழுகவில்லை என்று பார்த்த பிறகே கொடுத்தார்.

தலையை வகுந்த கதையைச் சொல்லாமல் விட முடியாது. உறைய வைத்துத்தான் அறுக்க வேண்டும். இல்லையென்றால் மூளை நசுங்கி வரும். எங்களிடம் இருந்த பேண்ட்சா என்ற பட்டை ரம்பத்தின் பிளேடு பல் மழுங்கிக் கிடந்தது. மரம் அறுக்கும் மில்லுக்கு எடுத்துப் போனேன். “என்ன மரம் அறுக்கப் போறீங்க? தேக்கா, வேம்பா? அதுக்குத் தக்கனதான் பல்லு வைக்கணும்” என்றார் முதலாளி. சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துச் சொல்லிவிட்டேன். வாயில் இருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, பல் நெருக்கமான புது பிளேடு ஒன்றை அளவு வெட்டி ஒட்டித் தந்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். இரண்டாவது பிளேடுக்கு மட்டும் வாங்கிக்கொண்டார், அதுவும் நான் சண்டை போட்ட பிறகு.

இனி எங்கள் அட்டெண்டர் அண்ணனுக்கு வருகிறேன். ஓய்வு பெற்றும் இந்த வேலைக்காகத் திரும்பி வந்தவர். இந்தப் பகுதியில் நல்லதாக எது தெரிந்தாலும் அதில் அவர் கை இருக்கிறது. பதப்படுத்தாத மூளை வழுக்கைத் தேங்காய் மாதிரி. 1,300, 1,400 கிராம் எடை இருக்கும், ஆனால் தன் எடையையே தாங்காது. மண்டையோட்டின் மூடியை ரம்பத்தால் எடுப்பது முரட்டு வேலை, யாரும் பழகிக்கொள்ளலாம். அதன்பின் மூளையைச் சுற்றியிருக்கும் டியூரா உறையை வெட்டி, நெற்றிப் பக்கமிருந்து மூளையை மெல்லத் தூக்கி, அடியில் இருக்கும் நரம்புகளை ஒவ்வொன்றாக நறுக்கிக்கொண்டே பின்னால் போக வேண்டும். பன்னிரண்டு ஜோடி நரம்புகளில் நான்காவது மூளைத்தண்டின் முதுகுப்புறத்திலிருந்து கிளம்பிச் சுற்றி வரும். நூலிழைதான், மூச்சு விட்டால் அறுந்துவிடும் போலிருக்கும். அண்ணன் எடுத்த மூளைகளில் அந்த நூல் இருபக்கமும் இருக்கிறது. நான் எடுத்தவற்றில் எத்தனையில் இருக்கிறது என்று கேட்காதீர்கள்.

எடுத்தவுடன் மூளையின் அடியில் ஓடும் பேசிலார் தமனிக்குக் கீழே ஒரு நூலைக் கோத்து, மூடி போட்ட இருபது லிட்டர் பெயிண்ட் வாளியில் தலைகீழாகத் தொங்க விடுவார். பத்து சதவீத ஃபார்மலின், அதாவது கடையில் வாங்கும் ஃபார்மலின் ஒரு பங்குக்குத் தண்ணீர் ஒன்பது பங்கு. மூளையின் கன அளவைப்போல் பத்து மடங்காவது திரவம் இருக்க வேண்டும் என்பதால்தான் அவ்வளவு பெரிய வாளி. இரண்டு மூன்று வாரம் யாரையும் தொட விடமாட்டார். ஒரு பிஜி (முதுநிலை) மாணவர் இடத்தை அடைக்கிறதென்று வாளியிலிருந்து எடுத்துத் தட்டில் வைக்கலாமா என்று கேட்டதற்கு, “அதுக்கு முதுகே கெடையாது தம்பி. படுக்க வச்சா சப்பையாப் போயிரும்” என்றார். எந்தப் பேராசிரியரும் இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிக் கேட்டதில்லை.

இன்னொன்றும் அண்ணனிடம் கற்றது. வழக்கமாகத் தொடைத் தமனி வழியாகத்தான் பதப்படுத்தும் திரவத்தை ஏற்றுவார்கள். அது தலைவரை சரியாகப் போய்ச் சேராமல், உள்ளே மூளை கூழாகவே இருந்துவிடுவதுண்டு. தலைக்கென்று வைத்திருக்கும் உடலில் கழுத்துத் தமனி வழியாகவும் ஏற்ற வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். தமனிகளைச் சிவப்பாகக் காட்ட நிறமேற்றிய ரப்பர் பால் தேவைப்பட்டது. குமரி மாவட்டத்து மாணவி ஒருத்தியின் அப்பா, தோட்டத்திலிருந்து அம்மோனியா கலந்த பாலாகவே கேனில் அனுப்பி வைத்தார். அவருக்கும் நன்றி. பஸ்ஸில் அந்த வாடையோடு ராத்திரி முழுக்க வந்த மகளுக்கு அதைவிட அதிகம்.

மதுரைத் தண்ணீரைப் பற்றி மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. போர் தண்ணீரில் கரைத்த திரவம் சீக்கிரமே கலங்கி அடியில் வண்டல் கட்டியது. கோரிப்பாளையம் பக்கம் பேட்டரிக் கடை வைத்திருக்கும் பாய், டிஸ்டில்டு வாட்டர் கேன்களை வாங்கின விலைக்கே தந்தார். மேஜை மட்டத்தில் எக்ஸாஸ்ட் ஃபேன் பொருத்திக் கொடுத்த எலக்ட்ரீஷியன் தம்பிக்கு எங்கள் நுரையீரல்கள் கடன்பட்டிருக்கின்றன. ஃபார்மலினில் இருக்கும் ஃபார்மால்டிஹைடை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இலேயே வகைப்படுத்திவிட்டது. கண் எரிச்சலோடு போய்விடும் விஷயமில்லை.

நிறம் தீட்டியவர் ஒரு பழைய போர்டு ஆர்ட்டிஸ்ட். ஃப்ளெக்ஸ் வந்ததும் வேலை போனவர். தமனிக்குச் சிவப்பு, சிரைக்கு நீலம், நரம்புக்கு மஞ்சள் என்று நான் சொன்னதும், “எந்த மஞ்சள் டீச்சர்? எலுமிச்சையா, மாம்பழமா?” என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. இரண்டையும் தீட்டிக் காட்டினார். திரவத்துக்குள் எலுமிச்சை மஞ்சள் வெளிறிப் போய்க் கொழுப்போடு கலந்துவிட்டது, மாம்பழ மஞ்சள் நின்றது. எண்களையும் தமிழ், ஆங்கிலப் பெயர்களையும் அவரே கையால் எழுதினார். தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளைகள் அந்தப் பலகைகள் முன்னால் நிற்கும் நேரத்தை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

மாணவர்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். பாஸல் நகரத்து ஜோசஃப் கிளிங்லர் 1930களில் கண்டுபிடித்த வழி ஒன்று உண்டு. பதப்படுத்திய மூளையை உறைய வைத்து எடுத்தால், பனித்துகள்கள் நரம்பிழைகளுக்கு இடையே விரிந்து அவற்றைப் பிரித்துவிடும். பிறகு மழுங்கிய மரக்குச்சியால் ஒவ்வோர் அடுக்காக உரித்துப் பார்க்கலாம். எங்கள் பிள்ளைகள் ஐஸ் குச்சியைச் சீவிச் சீவி அதைச் செய்தார்கள், பரீட்சைக்கு நடுவில். கைபேசியை வாசலிலேயே பெட்டியில் போட்டுவிட்டு வர வேண்டும் என்ற விதியை அவர்களே எழுதி, அவர்களே காவலும் இருந்தார்கள்.

கணினித் திரையில் சுழலும் மூளை இருக்கும்போது இத்தனை பாடு எதற்கு என்று ஒரு நண்பர் கேட்டார். திரையில் வில்லிஸ் வளையம், அதாவது மூளையின் அடியில் தமனிகள் ஒன்றோடொன்று இணையும் வளையம், எப்போதும் புத்தகத்தில் உள்ளபடியே இருக்கும். எங்கள் ஜாடிகளில் வரிசையாகப் பாருங்கள். ஒன்றில் பின்பக்க இணைப்புத் தமனி மயிரிழை, பக்கத்து ஜாடியில் அதே தமனி தடித்துப் பிரதானமாக ஓடுகிறது. பக்கவாதத்தில் ஒருவர் பிழைப்பதும் மற்றவர் பிழைக்காததும் சில நேரம் இந்த வித்தியாசத்தில் இருக்கிறது. அந்த வரிசையை அமைத்துத் தந்தவர், மதுரை மருத்துவக் கல்லூரியில் படித்து, எங்களுக்கெல்லாம் பாடம் எடுத்து ஓய்வு பெற்ற எங்கள் பேராசிரியர். கண் மங்கிவிட்டது, விரல் மங்கவில்லை.

டீக்கடை அக்காவுக்கும் ஒரு வார்த்தை. எங்கள் உடுப்பில் வரும் வாடைக்கு மற்ற வாடிக்கையாளர்கள் எழுந்து போனாலும் எங்களை எழுப்பியதில்லை.

உடல் தானம் பற்றிக் கேட்பவர்களுக்குச் சுருக்கமாக: அருகிலுள்ள மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் துறையில் படிவம் கிடைக்கும், சாட்சிக் கையெழுத்து வேண்டும். வீட்டாருக்கு இப்போதே சொல்லி வையுங்கள், ஏனென்றால் அன்றைக்குத் தொலைபேசி எடுக்கப் போவது அவர்கள்தான். பிரேதப் பரிசோதனை செய்த உடலையும், எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி போன்ற தொற்று உள்ள உடலையும் பொதுவாக ஏற்பதில்லை. கண்ணை முதலில் கண் வங்கிக்குக் கொடுங்கள், ஆறு மணி நேரத்துக்குள். அப்படி வந்த உடலில் கண்குழியை எங்களால் முழுதாகக் காட்ட முடியாதுதான். எங்களுக்கு நஷ்டம், இருக்கட்டும். பார்வை இல்லாமல் காத்திருப்பவர் முன்னால் எங்கள் ஜாடி காத்திருக்கலாம்.

அடுத்து நாங்கள் செய்யப்போவது காது. பொட்டெலும்புக்குள் இருக்கும் மூன்று சிற்றெலும்புகளைத் திறந்து காட்ட வேண்டும். அவற்றில் ஒன்றான அங்கவடி எலும்பு மூன்று மில்லிமீட்டர்தான், உளியும் சுத்தியலும் அங்கே ஆகாது. பல் மருத்துவர்கள் யாரிடமாவது ஒதுக்கிப் போட்ட பழைய டிரில் இருந்தால் துறைக்குச் சொல்லி அனுப்புங்கள். ஓடாததாக இருந்தாலும் பரவாயில்லை, எலக்ட்ரீஷியன் தம்பியிடம் ஏற்கனவே சொல்லி வைத்திருக்கிறேன்.

நன்றியுடன்,
உடற்கூறியல் துறை ஆசிரியை,
மதுரை