பழைய கோபர் கேஸ் கலன்களைப் பழுதுபார்க்க ஆள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சாணத்திலிருந்து வாகன எரிவாயு தயாரிக்கும் ஆலைகள் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். குஜராத்தின் பனாஸ்காந்தாவில் பால் கூட்டுறவே மாடு வளர்ப்பவர்களிடம் சாணத்தைக் காசு கொடுத்து வாங்கி, எரிவாயுவாக்கி, வண்டிகளுக்கு விற்கிறது. மாடு வளர்க்கிற எனக்கு அது பெரிய சந்தோஷம். ஆனால் நம் ஊர்த் தோட்டங்களில் ஏற்கெனவே கட்டி, பழுதாகி, சும்மா கிடக்கிற கோபர் கேஸ் (சாண எரிவாயு) கலன்களைப் பற்றி அதில் ஒரு வரி கூட இல்லை.

கோபி பக்கம் எங்கள் தோட்டம். கறவை மாடு நான்கு. சாண எரிவாயுவுக்கென்று மத்திய அரசு 1981-82-ல் தேசியத் திட்டம் தொடங்கியதல்லவா, அதற்குச் சில வருடம் கழித்து, 1987-ல், மாமனார் மானியத்தில் ஒரு கோபர் கேஸ் கட்டினார். கட்டுத்தரைக்குப் பின்னால் சாணக் கரைசல் ஊற்றக் கிணறு மாதிரி ஒரு தொட்டி, அதன்மேல் கவிழ்த்த இரும்பு டிரம். வாயு சேரச் சேர டிரம் எழும்பும், அடுப்பு எரிய எரிய இறங்கும். நான் கல்யாணமாகி வந்த புதிதில், டிரம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் அத்தை உலை வைப்பார்.

2009-ல் டிரம் ஓட்டையாகிவிட்டது. இந்த வாயுவில் கொஞ்சம் ஹைட்ரஜன் சல்பைடும் இருக்கும். அது இரும்பை அரித்துவிடும். வருடா வருடம் பெயின்ட் அடிக்க வேண்டும் என்று எங்களுக்கு யாரும் அழுத்திச் சொல்லவில்லை. ஓர் அலுவலகத்துக்கு மூன்று தடவை நடந்தோம். "புதுசா கட்டினா மானியம் இருக்கு, பழசுக்கு ஒண்ணும் இல்லை" என்று அனுப்பிவிட்டார்கள். சாணம் குப்பைக்குழிக்குப் போனது, சமையல் சிலிண்டருக்கு மாறியது. இப்படியே 12 வருடம்.

2021-ல் அந்தியூர் பக்கத்திலிருந்து ஒரு கொத்தனார் கிடைத்தார். டிரம்மைக் கழற்றிப் பல நாள் தொட்டியைத் திறந்து போட்டு, உள்ளே இருந்ததை மேலிருந்தே இறைத்த பிறகுதான் ஆளை இறங்கவிட்டார். விஷவாயு தங்கியிருந்தால் உயிர் போய்விடும். இரும்புக்குப் பதில் ஃபைபர் டிரம் வைத்தோம். எல்லாம் சேர்த்து ஒரு கறவை மாட்டின் விலையில் பாதி கூட ஆகவில்லை.

முதலில் சேர்ந்த வாயுவில் காற்று கலந்திருக்கும் என்று அதை வெளியே விட்டுவிட்டார். அடுத்து நிரம்பியபோதுதான் அடுப்பைப் பற்ற வைத்தேன். பகல் வெளிச்சத்தில் தீ கண்ணுக்கே தெரியவில்லை. ஜன்னலைச் சாத்திய பிறகு நீலமாகத் தெரிந்தது. அத்தை கையை மேலே காட்டிப் பார்த்துவிட்டு, "அதே சூடுதான்" என்றார்.

கணக்கு இதுதான். நாலு மாட்டுச் சாணம் ஒரு நாளைக்குச் சுமார் 50 கிலோ. அதே அளவு தண்ணீர் விட்டு, கல்லும் வைக்கோலும் போகக் கையால் கரைத்து ஊற்றினால் 2 கன மீட்டர் வாயு கிடைக்கும். மாதத்துக்கு ஏறக்குறைய இரண்டு சிலிண்டருக்குச் சமம். மார்கழிக் குளிரில் குறையும். கட்டுத்தரையை ஃபினாயில் போட்டுக் கழுவிய தண்ணீர் உள்ளே போனால் அப்புறம் சில நாளைக்கு வாயுவே வராது, நுண்ணுயிர்கள் செத்துவிடும். வெளியே வரும் கரைசலில் நாற்றம் இல்லை, ஈ மொய்ப்பதில்லை, தீவனப்புல்லுக்கு அதைத்தான் பாய்ச்சுகிறோம். ஈரச் சாணம் குழியில் குவிந்து கிடந்தால் அதிலிருந்து மீத்தேன் வீணாகக் காற்றில் கலக்கும். பூமியைச் சூடாக்குவதில் அது கரியமில வாயுவைவிடப் பல மடங்கு மோசம். அதையேதான் நான் அடுப்பில் எரிக்கிறேன்.

இப்படிப் பழுதாகி நிற்கும் கலன் எங்கள் சுற்றுவட்டாரத்தில் மட்டும் ஒன்பது எனக்குத் தெரியும். ஒன்றில் விறகு அடுக்கியிருக்கிறார்கள். பெரிய கோளாறு கூட வேண்டாம், குழாயில் நீர் கோத்துத் தீ விட்டு விட்டு எரிந்தாலே பலர் கைவிட்டுவிடுகிறார்கள். நீரை வடித்துவிட்டால் போதும் என்று சொல்ல ஆள் இல்லை. சிலிண்டர் அடுப்பின் துளை இந்த வாயுவுக்குச் சிறியது, இதற்கென்று தனி அடுப்பு வேண்டும். அதன் பர்னர் போனால் மாற்றுவதற்கு எங்கள் பக்கத்துக் கடைகளில் கிடைப்பதில்லை.

பால் சொசைட்டிக்கு காலையும் மாலையும் எல்லோரும் போகிறோம். மாட்டுக்கு ஊசி போட அங்கே ஆள் வருவதுபோல, சில ஊர்களுக்கு ஒருவராவது கலன் பழுதுபார்க்கத் தெரிந்தவர் வேண்டும். பர்னர், குழாய், வால்வு அங்கேயே விலைக்குக் கிடைக்க வேண்டும். புதிதாகக் கட்டத் தரும் மானியத்தில் ஒரு பங்கைப் பழையதைச் சரிசெய்யவும் தர வேண்டும்.

எங்களுக்கு வேலை செய்த கொத்தனாருக்கு இப்போது எழுபது வயது நெருங்குகிறது. குழியில் இறங்க முடியவில்லை, மேலே நின்று சொல்லிக்கொடுக்கத் தயாராக இருக்கிறார். கற்றுக்கொள்ளப் பையன்களை அரசு இந்த வருடமே அனுப்ப வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கோபிசெட்டிபாளையம்